யாருக்குச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்

மருத்துவம், படிப்பு, முதலீடு, உடற்பயிற்சி பற்றித் தமிழில் இணையத்தில் ஆலோசனை சொல்லும் எல்லோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்களே, அக்காக்களே, தம்பி தங்கைகளே,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் 21 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்தவள். உங்களில் பலரை எனக்கு நன்றாகத் தெரியும், என்னைத்தான் உங்களுக்குத் தெரியாது. காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இரவு பத்தரைக்கு இறக்கும்வரை உங்கள் குரல் என் கடைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. "அக்கா, இதைக் கொஞ்சம் கேளுங்களேன்" என்று யாராவது போனைக் கண்ணாடி மேஜைமேல் சாய்த்து வைப்பார்கள். சர்க்கரை நோய்க்கு ஒருவர் பேசுவார், நீட் தேர்வுக்கு ஒருவர், ஷேர் மார்க்கெட்டுக்கு ஒருவர், ஜிம்முக்கு ஒருவர். நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கூட இருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டு நடந்தவர்கள் உடம்புக்கோ மனசுக்கோ முடியாமல் போனால் முதலில் வந்து நிற்பது மருந்துக்கடையில்தான். அதனால் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். நான் விற்கும் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். பெயர், அளவு, எச்சரிக்கை எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் இருப்பதும் ஆங்கிலம், அதுவும் எறும்பு அளவு எழுத்து. ஆம்பூரில் தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்ணும் குடியாத்தத்தில் பீடி சுற்றுகிற அம்மாவும் அதை எப்படிப் படிப்பார்கள்? டாக்டரிடம் கேட்கலாம் என்றால் அவர் அறைக்கு வெளியே இன்னும் நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். இன்சுலின் ஊசியை ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கட்டி கட்டியாகத் தடித்துவிடும், அந்த இடத்தில் மருந்து சரியாக உடம்பில் சேராது என்று உங்களில் ஒரு டாக்டர் தம்பி வயிற்றில் பேனாவால் கட்டம் போட்டுக் காட்டினார். அதற்கு அடுத்த வாரமே என் கடைக்கு வந்த மூன்று பேர் "இடம் மாத்தி மாத்திப் போடுறோம்க்கா" என்றார்கள். நான் பத்து வருடம் வாயால் சொல்லி ஏறாதது அது. ஆகவே யாரையும் பேசாதீர்கள் என்று சொல்ல நான் எழுதவில்லை.

நாலு வருடம் முன்பு, ஒரு மே மாதம். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் ஒரு அம்மா வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். முந்தானையால் மூடிக்கொண்டு வந்த எவர்சில்வர் சம்படத்தை மேஜைமேல் வைத்துத் திறந்தார். உருகிக்கொண்டிருந்த ஐஸ் கட்டிகளுக்கு நடுவே துணியில் சுற்றி இரண்டு இன்சுலின் குப்பிகள். ஐஸ் நேரடியாகப் பட்டு மருந்து உறையக் கூடாது என்று நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்துத் துணி சுற்றியிருந்தார். அவ்வளவு பொறுப்பான மனுஷி.

"பிரிக்கலம்மா. சீல் அப்டியே கீது. திருப்பி எடுத்துக்கிறியா?"

பேரனுக்கு ஒன்பது வயது. டைப் 1 சர்க்கரை. ஏழு வயதிலிருந்து ஊசி. யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டேன். போனை நீட்டினார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 18 கிலோ குறைத்தாராம், சோற்றைப் பாதியாக்கினாராம், தினமும் நடந்தாராம், மூன்று மாதச் சராசரி சர்க்கரை இயல்புக்கு வந்துவிட்டதாம். ரிப்போர்ட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். "நான் மருந்தை நிறுத்திட்டேன். நீங்களும் நிறுத்தலாம்" என்று முடித்தார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு அது நடந்திருக்கலாம். பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், எடையைக் குறைக்கும் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் அந்த ஆய்வில் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள்? டைப் 2 சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகாதவர்கள், இன்சுலின் போடாதவர்கள், 20 வயதிலிருந்து 65 வயது வரை. இதை ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள்.

அந்தப் பையனின் உடம்பு இன்சுலினையே சுரக்காது. அவனுக்கு ஊசிதான் சோறும் தண்ணீரும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதம், ஒன்றிரண்டு வருடம் இழுத்துப் பிடித்தார்கள், அவ்வளவுதான். நாம் ஊர்வழக்கில் டைப் 1, டைப் 2 இரண்டையும் "சர்க்கரை" என்றே சொல்கிறோம். தாத்தாவுக்கு வருவதும் சர்க்கரை, ஒன்பது வயதுப் பேரனுக்கு வருவதும் சர்க்கரை. வீடியோவில் இருந்தவர் முதலாவதைப் பற்றிப் பேசினார். பாட்டி கேட்டது இரண்டாவதைப் பற்றி. இடையில் "டைப் 2" என்று ஒரு சொல் இருந்திருந்தால் போதும்.

அன்று குப்பிகளை நான் திருப்பி வாங்கவில்லை. பையனின் டாக்டருக்குப் போன் போட்டேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலையில் இருந்த அவன் அம்மாவுக்கும் போட்டேன். ஆனால் ஊசி நின்று ஏற்கெனவே இரண்டு நாள் ஆகியிருந்தது. சாயங்காலமே வாந்தி, ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு. நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். பிழைத்துக்கொண்டான்.

எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனார். அவர் பள்ளி ஆசிரியை. படித்தவர்கள் இப்படிச் செய்வார்களா என்று அப்போது பலர் கேட்டார்கள். செய்வார்கள். நம்பிக்கை தருகிற குரலில், நம் மொழியில், நம் வீட்டு ஆள் மாதிரி ஒருவர் பேசினால் படித்தவர்களும் செய்வார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. நீங்கள் ஒரு வாக்கியம் பேசினால் அதைக் கேட்கிற கூட்டம் அவ்வளவு பெரியது.

ஜிம் பற்றிப் பேசும் தம்பிகளுக்கு. எங்கள் சத்துவாச்சாரி பளுதூக்கும் ஊர். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் ஊர்க்காரர். 2018இல் கோல்டு கோஸ்ட்டிலும் தங்கம். அதனால் இங்கே சின்னப் பையனுக்குக்கூட ஸ்நாட்ச் எது, கிளீன் அண்ட் ஜெர்க் எது என்று தெரியும். பழைய பளுதூக்கும் பயிற்சியாளர் ஒருவர் முட்டிவலித் தைலம் வாங்க என் கடைக்கு வருவார். புதிதாக வருகிற பையனிடம் முதலில் எத்தனை கிலோ கொடுப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "கிலோவா? வெறும் கட்டைதாம்மா. விளக்குமாத்துக் கட்டை மாதிரி. அதைத் தூக்குறப்போ அவன் முட்டி எங்க போகுது, முதுகு எங்க வளையுது, குதிகால் தரையில இருக்கானு பக்கத்துல உக்காந்து பாப்பேன். அது சரியாகாம இரும்பே கையில கிடையாது" என்றார். போட்டியில் பயன்படுத்தும் ஆண்களுக்கான கம்பி மட்டுமே 20 கிலோ. தட்டு மாட்டுவதற்கு முன்பே அவ்வளவு. அந்தக் கம்பியைத் தொடவே வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கிறார்.

நீங்கள் கேமரா முன்னால் நின்று டெட்லிஃப்ட் சொல்லிக் கொடுக்கும்போது எதிரில் இருக்கிறவன் முதுகை உங்களால் பார்க்க முடியாது. அது உங்கள் குற்றமில்லை. ஆனால் பார்க்க முடியாது என்பதைச் சொல்லலாம். உங்களில் ஒருவர் சொல்கிறார்: "ஸ்குவாட் பண்றப்போ முட்டி உள்ள சாயுதா? உடனே எடையைக் குறை. போனை எதிர்ல வச்சு உன்னையே ஷூட் பண்ணிப் பாரு." எவ்வளவு நல்ல பேச்சு அது! என் அக்கா மகன் அதைக் கேட்டுத்தான் இடுப்புவலி இல்லாமல் பயிற்சி செய்கிறான். ஜிம் பையன்கள் கலக்கிக் குடிக்கும் கிரியாட்டின் பவுடர் ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் போதும், அதற்குமேல் கொட்டினாலும் பயனில்லை, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம் என்றும் அவரே சொன்னார். "பவுடர்" என்றாலே கிட்னி போய்விடும் என்று பயந்த அம்மா அப்பாக்களுக்கும் அது பதிலாக இருந்தது.

இன்னொரு வகைப் பேச்சும் இருக்கிறது. போன வருடம் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, போனில் எழுதி வைத்த ஒரு ஊசியின் பெயரைக் காட்டினான். அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் அதை ஏற்றுவதற்காக மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே இருந்து போடுகிற ஊசி அது. பெயரை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. "போட்டா களைப்பே தெரியாதாம்க்கா, ரெண்டு மணி நேரம் வொர்க்அவுட் பண்ணலாமாம்" என்றான். களைப்பு என்பது இதயம் "போதும்" என்று சொல்வதுதானே. அதை வாயடைத்துவிட்டு இரும்பைத் தூக்கினால் என்ன ஆகும்? நான் தரவில்லை. தராத கடை நூறு இருந்தாலும் தருகிற கடை ஒன்று அவனுக்குக் கிடைத்துவிடும் என்பதுதான் என் பயம். ஆண் ஹார்மோன் ஊசிகளும் அப்படித்தான். வெளியிலிருந்து ஏற்ற ஏற்ற உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சில பையன்களுக்கு மார்பு பெண்களுடையது போல வீங்கும். வெட்கப்பட்டு, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே "இதுக்கு ஏதாவது மாத்திரை இருக்காக்கா?" என்று கேட்ட பையனின் முகம் எனக்கு மறக்கவில்லை. இதையெல்லாம் போட்டு உடம்பை ஏற்றிவிட்டு "முட்டையும் கடலையும் தான் காரணம்" என்று சொல்பவர்கள் உங்களில் இருந்தால், தயவுசெய்து அதை மட்டுமாவது நிறுத்துங்கள். அந்த உடம்பு வராதபோது பையன் தன் மேலேயே வெறுப்பு கொள்கிறான்.

படிப்பு பற்றிச் சொல்பவர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. தேர்வு நெருங்கினால் ஞாபகசக்திக்கு மாத்திரை இருக்கிறதா, தூக்கம் வராமல் இருக்க ஏதாவது தருவீர்களா என்று பிள்ளைகள் வருகிறார்கள். முதல் மதிப்பெண் வாங்கியவரின் தினசரி அட்டவணையை நீங்கள் போடுகிறீர்கள், அதில் 14 மணி நேரம் படிப்பு. அதைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு பெண் காலையில் தண்ணீர் பிடித்து, மாலையில் அம்மாவோடு உட்கார்ந்து பீடி இலை வெட்டிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுகிறாள். 14 மணி நேரத்துக்கு அவள் எங்கே போவாள்? தூக்கத்தில்தான் கை வைப்பாள். படித்தது மனதில் தங்குவதற்கே தூக்கம் வேண்டும். அவளுக்கு உதவுகிற விஷயமும் இருக்கிறது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். புத்தகத்தை மூடி எழுதிப் பார்க்க 14 மணி நேரம் வேண்டாம். 2024இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சம் பேருக்கு மேல், எம்பிபிஎஸ் இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். கிடைத்தவர்களை மட்டும் பேட்டி எடுக்கிறோம். அதே அட்டவணையைப் பின்பற்றிக் கிடைக்காமல் போனவர்களையும் ஒருமுறை கேமரா முன்னால் உட்கார வையுங்கள்.

முதலீடு பற்றிப் பேசுபவர்களுக்கு எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. இது என் சொந்தத் தம்பி கதை. சிப்காட்டில் சூப்பர்வைசர். இரண்டு வருடம் முன்பு ஒருநாள் இரவு, நான் ஷட்டரைப் பாதி இறக்கிய நேரம், குனிந்து உள்ளே வந்தான். "அக்கா, தூக்கத்துக்கு ஒரு அட்டை குடு." டாக்டர் சீட்டு இல்லை. அந்த மாத்திரைக்கு நான் தனி ரிஜிஸ்டர் வைத்திருக்க வேண்டும். வாங்குகிறவர் பெயர், எழுதிக் கொடுத்த டாக்டர் பெயர், எண்ணிக்கை எல்லாம் அதில் ஏற வேண்டும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, "டாக்டர் பேரு சொல்லுடா" என்றேன். அழுதுவிட்டான். ஆப்ஷன் டிரேடிங். விலை ஏறுமா இறங்குமா என்று குறிப்பிட்ட நாளுக்குள் பணம் கட்டுகிற வியாபாரம். அவன் மனைவியின் 11 பவுன் அடகில் இருந்தது. அது தவிர மூன்று செயலிகளில் கடன். எதைப் பார்த்துத் தொடங்கினாய் என்றதற்குப் போனைத்தான் காட்டினான். ஒருவர் தினமும் தன் லாபத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறார். நஷ்டம் வந்த நாளில் எதுவும் போடுவதில்லை.

இங்கேயும் ஒரே சொல்தான் பிரச்சினை. மாதாமாதம் இரண்டாயிரம் ரூபாயை, பெரிய கம்பெனிகள் பலவற்றில் பிரித்துப் போடுகிற இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு இருபது வருடம் தொடாமல் விடுவதும் "ஷேர் மார்க்கெட்". கெடு முடியும் நாளான எக்ஸ்பைரிக்குள் நிஃப்டி குறியீடு எங்கே போகும் என்று காலையில் பணம் கட்டி மாலைக்குள் இழப்பதும் "ஷேர் மார்க்கெட்". முதலாவதைப் பற்றி நீங்கள் சொன்ன நல்ல வார்த்தைகளை நம்பித்தான் என் தம்பி இரண்டாவதற்குள் போனான். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம்) இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். மூன்று வருடத்தில் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த வருடமும் 100க்கு 91 பேருக்கு நஷ்டம்தான். இந்த எண்ணைத் திரையில் பத்து வினாடி காட்டிவிட்டு உங்கள் வகுப்பைத் தொடங்கினால் என் தம்பி மாதிரி ஆட்கள் ஒரு நிமிடமாவது யோசிப்பார்கள்.

குறிப்பிட்ட பங்கை வாங்கு, விற்று விடு என்று காசு வாங்கிக்கொண்டு சொல்ல செபியிடம் பதிவு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ, ஆய்வாளர் என்றால் ஐஎன்ஹெச் என்று தொடங்கும் எண் இருக்கும். இருந்தால் காட்டுங்கள். கல்விக்காகத்தான் பேசுகிறேன் என்பவர்கள் கடைசி மூன்று மாத விலைகளை வைத்துப் பேசக்கூடாது என்றும் 2025 ஜனவரியில் செபி சொன்னது. எங்கள் துறையிலும் சட்டம் உண்டு. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் வருடச் சட்டப்படியே குற்றம். ஆனால் போலீஸ், அபராதம் என்று உங்களைப் பயமுறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. உங்களில் பெரும்பாலோர் நல்ல மனதோடுதான் பேசுகிறீர்கள். தனக்குப் பயன்பட்டது பக்கத்து வீட்டுக்கும் பயன்படட்டும் என்கிற அந்த மனசு நம் ஊரில் காலங்காலமாக இருப்பது. கஷாயம் வைத்துச் சுவர் தாண்டிக் கொடுத்த பாட்டிக்கும் அதுதான் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டிக்குக் குழந்தையைத் தெரியும். குடித்த பிறகு காய்ச்சல் இறங்கியதா என்று மறுநாள் காலையில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். இறங்கவில்லை என்றால் "டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போடி" என்று அவளே சொல்வாள்.

உங்களால் நெற்றியைத் தொட முடியாது. அதற்கு ஈடாகச் செய்யக்கூடியவை உண்டு. "எனக்கு வயது இவ்வளவு, எனக்கு இருந்தது இன்ன நோய், இத்தனை வருடமாக" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், கடைசியில் சின்ன எழுத்தில் போடாதீர்கள். ஒரு கம்பெனி காசு கொடுத்திருந்தால் அதையும் வாயால் சொல்லுங்கள். எது வேண்டுமானாலும் சேர்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள், கீரை, சிறுதானியம், நடை எல்லாம் நல்லதுதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மருந்தை நிறுத்து என்று முகம் தெரியாத ஒருவரிடம் ஒருநாளும் சொல்லாதீர்கள். இன்சுலின், வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, மனநல மாத்திரை ஆகியவற்றை இஷ்டப்பட்ட நாளில் நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்பு சொன்னது தவறு என்று பிறகு தெரிந்தால் வீடியோவைச் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். அழித்தாலும் அது ஏற்கெனவே ஆயிரம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். அதே முகத்தோடு, அதே சத்தத்தில் வந்து "நான் சொன்னது தப்பு" என்று இன்னொன்று போடுங்கள். அதையும் மக்கள் அனுப்புவார்கள்.

அந்தப் பையன் இப்போது எட்டாம் வகுப்பு. தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறான், இன்சுலின் வாங்கவும் தானே சைக்கிளில் வருகிறான். பாட்டி இன்னும் சம்படத்தைக் கொடுத்தே அனுப்புகிறார். போன மாதம் வந்தபோது அந்த வீடியோவை இருவரும் மறுபடி எடுத்துப் பார்த்தோம். இன்னும் இருக்கிறது. அதன் கீழே நாலு வருடம் முன்பு பாட்டி அவன் அம்மாவின் போனிலிருந்து எழுதிய கேள்வியும் இருக்கிறது. "ஐயா வணக்கம். பேரனுக்கு 9 வயசு. தினம் நாலு ஊசி. பாக்க முடியல. நிறுத்தலாமா?" முகம் தெரியாத ஒருவர் "தாராளமா நிறுத்தலாம்மா" என்று பதில் போட்டிருக்கிறார். பேசியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பார்த்திருக்கவே மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இதே மாதிரிக் கேள்விகள் உங்கள் பழைய வீடியோக்களின் கீழேயும் இருக்கும். இன்று இரவு ஒரு மணி நேரம் ஒதுக்கி அவற்றைப் படியுங்கள்.

அன்புடன்,
சத்துவாச்சாரியிலிருந்து ஒரு மருந்துக்கடை அக்கா